பாம்பா? மீனா?



உங்கள் வீட்டுக்கு வாங்கிவந்த மீனைக் கழுவும்போது, அதுவரை நீங்கள் கண்டிராத ஓர் உயிரினம் அதற்குள் கிடந்தால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் முகத்தைச் சுளித்து அதை எடுத்து எறிந்துவிடுவார்கள். சிலர் பூனைக்குப் போடுவார்கள். இன்னும் சிலர், விவரமறிந்தவர் என்று தாம் நம்பும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டி, "இது என்ன?" என்று கேட்பார்கள். அவ்வாறு கேட்கப்பட்டவன் நான். நான் கூறிய விடை தவறானது. அந்தத் தவற்றினால் ஓர் ஏழை மூதாட்டியின் பிழைப்பு சில வாரங்கள் நலிந்தது. அதனை ஒளிக்காமல் உங்கள் முன் வைப்பதும், அந்தச் சின்னஞ்சிறு உயிர் இன்னதென்று நான் அறிந்துகொண்ட விதத்தைச் சொல்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவில்பதாகையில் நிகழ்ந்தது

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் ஒரு மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது என் பணி. எங்கள் ஊரில் ஏரி உண்டு, கடல் இல்லை. கடல் மீன் வேண்டுமானால் காசிமேட்டிலிருந்து வந்து சேர வேண்டும். அதனைக் கொண்டுவந்து தருபவர் ஒரு மூதாட்டி. விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, பேருந்திலும் ஆட்டோவிலுமாக அலுமினியக் கூடையைச் சுமந்து வந்து, எங்கள் தெருமுனையில் வேப்ப மரத்தடியில் கடை விரிப்பார். அவரிடம் பெரிய வஞ்சிரமோ வவ்வாலோ இராது. சிறு இறால், நெத்திலி, சுதும்பு, பலவகைப் பொடிமீன் ஆகியவையே இருக்கும். ஏழை எளியவர் வாங்கக்கூடிய விலையில் விற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்புக்குப் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கையில் ஒரு பொட்டலத்துடன் வந்தான். "ஹஜ்ரத், இறாலுக்குள்ளே இது இருந்தது. பாம்புக் குட்டியா என்று உம்மா கேட்டு வரச் சொன்னார்கள்" என்றான். பிரித்துப் பார்த்தேன். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம், வெளிறிய சிவப்பு நிறம், வழுவழுப்பான உடல், நாடாப் போல் ஒடுங்கிச் செல்லும் வால். கண் இருப்பதாகவே தோன்றவில்லை. மேல்நோக்கிப் பிளந்த வாயில் பற்கள் தெரிந்தன. எனக்கு அருவருப்பு மேலிட்டது. "கடல் பாம்புக் குட்டியாகத்தான் இருக்கும். அந்த இறாலையும் சேர்த்து எறிந்துவிடச் சொல்" என்று கூறிவிட்டேன். அவன் மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தான். "பாடத்தைப் பார்" என்று அதட்டி உட்கார வைத்தேன்.

நான் பார்த்தது அரை நிமிடம்கூட இராது. ஆனால் நான் சொன்ன சொல் லுஹருக்குள் தெரு முழுதும் பரவிற்று. அஸருக்குள் அது உருமாறி, "மீன்காரம்மா இறாலோடு பாம்பைக் கலந்து விற்கிறாள்; ஹஜ்ரத்தே பார்த்துச் சொன்னார்" என்று ஆகிவிட்டது. மறுநாள் அந்த மூதாட்டியின் கூடையருகே எவரும் போகவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. பனிக்கட்டி உருகி ஓட, விற்காத மீனைக் கட்டிக்கொண்டு அவர் திரும்பிப் போவதை மத்ரஸாவின் சன்னல் வழியே கண்டேன்.

மூன்றாம் நாள் அவரே வாசலுக்கு வந்துவிட்டார். சண்டை போடவில்லை. "நாப்பது வருசமா மீன் விக்கிறேன் பாய். அது சேத்துல பொந்து வெச்சி கெடக்குற மீனு. பாம்பு எது, மீனு எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. "விசாரித்துச் சொல்கிறேன் அம்மா" என்றேன்.

அவர் போன பின், பின்வரிசையில் இருந்த அதே சிறுவன் மெல்ல எழுந்து நின்றான். "ஹஜ்ரத், பாம்புக்குச் செவுள் உண்டா?" என்றான். நான் எறியச் சொன்னதை அவன் எறியவில்லை. கல் உப்பிட்டு ஒரு கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்திருந்தான். அன்று நான் கேட்க மறுத்த கேள்வி அதுதான்.

முதற் சாட்சி

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். விலங்கியல் எனக்கு அயல்நாடு. ஆகவே, என்னோடு அக்காலத்தில் விடுதியில் தங்கிப் படித்து, இப்போது நகரத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பிக்கும் நண்பரிடம் அந்தப் புட்டியை எடுத்துச் சென்றேன். சிறுவனையும் உடன் அழைத்துப் போனேன். நண்பர் பார்த்ததும் பெயரைச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அதைத் தண்ணீரில் அலசி, ஒரு வெள்ளைத் தட்டில் கிடத்தி, உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்து, "பெயர் கடைசியில் வரட்டும். முதலில் கண்ணில் தெரிவதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

வாசகர்களே, அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றதை வரிசையாக உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் அடுக்களையிலும் என்றேனும் இது பயன்படும்.

முதல் கேள்வி, பாம்பா மீனா என்பது. கடல் பாம்பு ஊர்வன இனத்தைச் சேர்ந்தது. அதற்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல் நுரையீரலால் மூச்சு விடுவதால், அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். அதன் உடலில் துடுப்பு என்று எதுவும் இராது. வால் மட்டும் படகுத் துடுப்பைப் போல் இரு பக்கமும் தட்டையாக இருக்கும். மீனுக்கோ தலையின் இரு மருங்கிலும் செவுள் மூடியும் அதன் பின்னே பிளவும் இருக்கும். மெல்லிய முட்கதிர்கள் தாங்கிய துடுப்புகள் இருக்கும். தட்டில் கிடந்ததற்குச் செவுள் மூடி இருந்தது. முதுகு நெடுகிலும், வயிற்றின் பின்பகுதி நெடுகிலும் மெல்லிய துடுப்பு ஓடி, வாலோடு ஒன்றாகக் கலந்திருந்தது. நாடாப் போன்ற வால் என்று நான் கருதியது அந்தத் துடுப்பே. ஐயத்துக்கு இடமில்லை, அது மீன்.

சிறுவன் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன்.

இரண்டாம் சாட்சி

சரி, எந்த மீன்? பாம்பு வடிவ மீன்கள் நமக்குப் புதியவை அல்ல. விலாங்கும் ஆரலும் நம் ஊர்ச் சந்தைகளில் விற்கின்றன. நண்பர் மீனை மல்லாத்தி, தலைக்குச் சற்றுப் பின்னே, அடிப்பக்கத்தைக் காட்டச் சொன்னார். அங்கே மிளகு அளவில் ஒரு சிறு கிண்ணம் தெரிந்தது. வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கிண்ணமாக அமைந்திருந்தன. விலாங்குக்கும் ஆரலுக்கும் வயிற்றுத் துடுப்பே கிடையாது. கிண்ணம் உளுவைக் கூட்டத்தின் முத்திரை.

உளுவையை அறியாத தமிழர் உண்டோ? ஏரியிலும் ஆற்றிலும் தரையோடு ஒட்டிக் கிடந்து, கால் பட்டால் சட்டென்று நழுவி ஓடும் அதே மீன்தான். அந்தக் கூட்டம் மிகப் பெரியது. உலகெங்கும் 2000-க்கு அண்மையான இனங்கள் அதில் உள்ளன. அவற்றுள் ஒரு பிரிவு, கடலோரச் சேற்றில் பொந்து அமைத்து வாழ்வது. தட்டில் இருந்தது அப்பிரிவைச் சேர்ந்தது என்றார் நண்பர். "சேத்துல பொந்து வெச்சி கெடக்குற மீனு" என்று அந்த மூதாட்டி சொன்ன சொல் என் காதில் ஒலித்தது.

மூன்றாம் சாட்சி

இதற்குமேல்தான் வேலை கடினமாயிற்று. பொந்து வாழ் உளுவைகள் ஒன்றையொன்று உரித்து வைத்தாற்போல் இருக்கின்றன. எல்லாமே நீளமானவை, பெரும்பாலானவை சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம் உடையவை, எல்லாவற்றுக்கும் கண் சிறுத்திருக்கிறது. நிறத்தையும் நீளத்தையும் மட்டும் பார்ப்பவர் ஏமாந்து போவார்.

இதற்கென மீன் நூலார் ஒரு முறையை வைத்திருக்கிறார்கள். ஒரு கேள்வி கேட்பார்கள். "ஆம்" என்றால் ஒரு வழி, "இல்லை" என்றால் மறு வழி. அந்த வழியில் அடுத்த கேள்வி காத்திருக்கும். இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் இறுதியில் ஒன்று எஞ்சும். நாங்களும் அவ்வாறே சென்றோம்.

தாடையின் அடியில் சிறு மீசை இழைகள் உண்டா? இல்லை. உண்டெனில் அது 'டேனியாய்டிஸ்' என்னும் வகையாக இருந்திருக்கும். வாய் மூடிய பின்னும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீண்ட வளைந்த கோரைப் பற்கள் உண்டா? இல்லை. இருந்திருந்தால் 'ஓடான்டாம்ப்ளியோபஸ்' என்னும் வேறொரு வகையை நோக்கிப் போயிருப்போம். உடலில் செதில் உண்டா? கண்ணாடியால் பார்த்தால் மிகச் சிறிய செதில்கள் தெரிந்தன. உச்சந்தலையில் சதையாலான ஒரு சிறு வரப்பும் இருந்தது.

பின்னர் நண்பர் ஒரு குண்டூசியை எடுத்துச் சிறுவனிடம் தந்தார். செவுள் மூடியின் மேல் ஓரத்தை மெதுவாகத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஊசியின் தலை ஒரு குழிக்குள் இறங்கிற்று. செவுள் மூடிக்கு மேலே, இரு பக்கமும், சட்டைப் பையைப் போன்ற ஒரு சிறு பை இருந்தது. அது செவுள் அறைக்குள் போகவில்லை, தனியே முடிந்துவிட்டது. மீசை உள்ள வகைக்கும் கோரைப்பல் வகைக்கும் அந்தப் பை இல்லை. பை உள்ளவற்றிலும் நெருங்கிய உறவுகள் சில உண்டு. அவற்றின் வயிற்றுக் கிண்ணத்தின் பின்விளிம்பு வெட்டுப்பட்டிருக்கும். நம்முடையதில் விளிம்பு முழுமையாக இருந்தது.

"ட்ரைபாக்கென்" என்றார் நண்பர். கிரேக்க மொழியில் 'துளையுள்ள பிடரி' என்பது அதன் பொருளாம். எந்த அடையாளத்தால் அதைக் கண்டறிந்தோமோ, அந்த அடையாளமே அதற்குப் பெயராக இருந்தது! அந்த இனத்தின் இரண்டாவது பெயருக்கு லத்தீனில் 'வாள் உறை' என்று பொருள். நீண்டு ஒடுங்கிய அந்த உடலைப் பார்ப்பவருக்கு அது விளங்கும்.

தரங்கம்பாடியிலிருந்து பெர்லினுக்கு

இவ்விடத்தில் வரலாற்று மாணவனாகிய எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. இந்த மீனை முதன்முதலாக நூலில் எழுதியவர்கள் அதன் ஊராகக் குறித்திருப்பது நம் தரங்கம்பாடியை!

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க் நாட்டினரின் வசம் இருந்தது என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்கே 1771-இல் வந்து சேர்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியார், கடற்கரையில் கிடைத்த மீன்களைப் பதப்படுத்தி, தமிழர் அவற்றை அழைத்த பெயர்களையும் எழுதி, பெர்லினில் இருந்த மார்க்குஸ் எலியேசர் பிளாக் என்பவருக்குக் கப்பலில் அனுப்பிவந்தார். பிளாக் யூத சமயத்தைச் சேர்ந்த மருத்துவர். மீன்களைப் பற்றி 1782 முதல் 1795 வரை 12 தொகுதிகளை 432 வண்ணப் படங்களுடன் வெளியிட்டவர். 1799-இல் அவர் இறந்தார். முடிக்காமல் விட்ட பணியை ஷ்னைடர் என்ற அறிஞர் நிறைவு செய்து 1801-இல் வெளியிட்டார். அந்த நூலில்தான் நம் பொந்து மீன் இடம்பெற்றது. அதற்கு ட்ரைபாக்கென் என்னும் பேரினப் பெயரை 1837-இல் கொடுத்தவர் வாலன்சியன் என்ற பிரெஞ்சு அறிஞர். பிளாக் சேர்த்து வைத்த மீன்களில் பெரும் பகுதி இன்றும் பெர்லின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

நம் கத்தாழை மீன்களில் ஒரு பேரினத்துக்கு 'ஜோனியஸ்' என்று பெயர். அது அந்த ஜான் பாதிரியாரின் நினைவாக பிளாக் 1793-இல் வைத்தது. அதில் ஓர் இனத்தின் பெயர் 'கருட்டா'. 'கறுத்த கத்தாழை' என்று தரங்கம்பாடி மீனவர் சொன்ன சொல்லே லத்தீன் எழுத்தில் ஏறி அவ்வாறு நின்றுவிட்டது.

இதே போன்ற ஒரு செய்தி அரபு நாட்டிலும் உண்டு. டென்மார்க் மன்னர் அனுப்பிய ஆய்வுக் குழுவில் செங்கடலுக்குச் சென்ற ஃபோர்ஸ்கால் என்ற அறிஞர், யமன் நாட்டில் 1763-இல் இறந்தார். அவர் எழுதி வைத்த குறிப்புகள் 1775-இல் நூலாயின. அரபு மீனவர்கள் சொன்ன பெயர்களையே அவர் பல மீன்களுக்குச் சூட்டியிருந்தார். 'போஹர்', 'ஹரீத்' முதலிய அரபுச் சொற்கள் இன்றும் உலக முழுதும் அம்மீன்களின் அறிவியற் பெயர்களாக வழங்குகின்றன. காசிமேட்டு மூதாட்டியின் சொல்லை நான் செவிமடுக்கவில்லை. அந்த அயல்நாட்டார் மீனவரின் சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இதனை எண்ணும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

1801-இல் எழுதியதோடு காரியம் முடிந்துவிடவும் இல்லை. எட்வர்ட் மர்டி என்பவர் உலக அருங்காட்சியகங்களில் இருந்த இவ்வின மீன்களை மறுபடியும் ஒப்பிட்டு, 2006-இல் ஒரு திருத்தக் கட்டுரை வெளியிட்டார். அதில் இதற்கு நெருங்கிய புதிய இனம் ஒன்றையும் பிரித்துக் காட்டினார். இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் வாழும் இந்த மீன், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையிலும் பிடிபட்டதாக 2010, 2011 ஆண்டுகளில் ஆய்வுக் குறிப்புகள் வெளியாயின. அவற்றுள் ஒன்று துருக்கியின் இஸ்கெண்டரூன் வளைகுடாவைச் சேர்ந்தது. தமக்கு முன்பின் தெரியாத ஒரு மீனை அந்நாட்டு ஆய்வாளர்கள் இன்னதென்று கூற முடிந்தது எதனால்? நம் கரையில் கிடைத்த ஒன்றை இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் பொறுமையாகப் பார்த்து, அடையாளங்களை எழுதி வைத்ததனால் அன்றோ!

பாம்பு வடிவம் ஏன்?

மீனாக இருந்தும் இதற்கு ஏன் பாம்பின் தோற்றம்? அதன் வீட்டைப் பார்த்தால் விடை கிடைக்கும். கழிமுகங்களிலும் கடலோரத்திலும் ஆற்று வண்டல் படிந்த மென்சேற்றில் பொந்து அமைத்து அது வாழ்கிறது. குறுகிய வளைக்குள் நுழைந்து திரும்ப நீண்ட உடல் வேண்டும். அகன்று விரிந்த துடுப்புகள் அங்கே இடைஞ்சல். ஆகவே அவை உடலை ஒட்டிய மெல்லிய ஓரமாகிவிட்டன. கலங்கிய இருளில் பெரிய கண்ணால் பயனில்லை. ஆகவே கண் சிறுத்துத் தோலுக்கு அடியில் ஒளிந்துவிட்டது. மண்புழுவும் பாம்பும் இந்த மீனும் உறவினர் அல்ல. வளைக்குள் செல்லும் வாழ்வு அவற்றுக்கு ஒத்த வடிவைத் தந்திருக்கிறது. படைத்தவன் ஒவ்வோர் உயிருக்கும் அதன் இருப்பிடத்துக்கு ஏற்ற ஆடையை அணிவித்திருக்கிறான். ஆடையை மட்டும் பார்த்துக் குலத்தைத் தீர்மானித்தது என் பிழை.

பொந்து வாழ்வின் நுட்பத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டும் சொல்வேன். பரங்கிப்பேட்டைக்கு அருகே பிச்சாவரம் சதுப்புக் காட்டுக்குச் சென்றவர்கள், நீர் வற்றிய சேற்றில் தவளைபோல் தத்தித் திரியும் சிறு மீன்களைக் கண்டிருப்பீர்கள். அவையும் உளுவைக்கு உறவானவையே. அவற்றின் பெரிய இனம் ஒன்றை மலேசியக் கடலோரத்தில் ஆராய்ந்தவர்கள், அது வாய் நிறையக் காற்றை எடுத்துச் சென்று தன் பொந்துக்குள் சேமித்து வைப்பதை 1998-இல் வெளியிட்டார்கள். உயிர்க்காற்றுக் குறைந்த சேற்றுக்குள் முட்டைகள் மூச்சுத் திணறாதிருக்க ஒரு சிறு மீன் செய்யும் ஏற்பாட்டைச் சிந்தித்துப் பாருங்கள்! நாம் காலால் மிதித்துச் செல்லும் சேற்றுத் துவாரங்களுக்குள் இப்படியும் குடும்பங்கள் இருக்கின்றன.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று

நம்மில் ஷாஃபிஈ மத்ஹபினரும் ஹனஃபி மத்ஹபினரும் அண்டை வீட்டாராக வாழ்கிறோம். கடல் உணவைப் பொறுத்தவரை ஷாஃபிஈகளிடம் வரம்பு விரிவானது. ஹனஃபிகளிடமோ நீர்வாழ் உயிர்களில் மீன் மட்டுமே உண்ணத்தக்கது. இறாலை மீன் என்று கொள்ளலாமா என்பதில் அவர்களின் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதையும் அறிவீர்கள். எனவே, "இது மீனா, வேறொன்றா?" என்னும் கேள்வி நம் அடுக்களைகளில் வெறும் ஆர்வக் கேள்வி அன்று, மார்க்கத்தைப் பேணுவோரின் கேள்வி.

எங்கள் ஓதல் நாட்களில் இமாம் குதூரி அவர்களின் சுருக்க நூலில் 'மார்மாஹி' என்ற சொல் வரும். பாரசீகத்தில் அதற்குப் 'பாம்பு மீன்' என்று பொருள். விலாங்கு வகையைக் குறிப்பது. அதை உண்பதில் தடையில்லை என்று அங்கே தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் வாழ்ந்த அந்த இமாம் அவர்கள் அவ்வாறு தனித்துச் சொல்ல வேண்டியிருந்தது ஏன்? அன்றைய மக்களுக்கும் அதன் வடிவைக் கண்டு ஐயம் எழுந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். பதினான்காம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த தமீரி அவர்கள் உயிரினங்களை அகரவரிசையில் அடுக்கி ஒரு பெருநூல் செய்து, ஒவ்வொன்றின் இயல்பையும் உண்ணலாமா என்ற சட்டத்தையும் அதில் சேர்த்தே எழுதினார்கள். உயிரை அடையாளம் காணாமல் சட்டம் சொல்ல இயலாது என்பதை அப்பெரியோர் உணர்ந்திருந்தார்கள். மார்மாஹியின் வரியை நான் எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். ஓதிக் கொடுத்தும் இருக்கிறேன். கையில் ஒரு பாம்பு வடிவ மீன் வந்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை!

நான் முஃப்தி அல்லன். எதை உண்பது, எதை விடுவது என்பதை உங்கள் பகுதி ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள். அவர்களிடம் செல்லும் முன், பொருள் இன்னதென்று சரியாக அறிந்து செல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. மீன் என்று உறுதியானாலே பயம் நீங்கிவிடாது. தொட்டால் பந்துபோல் உப்பும் பேத்தை மீனும் மீன்தான். அதன் பல இனங்களின் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் நீங்காது, உயிரைப் பறிக்கும். கடல் பாம்புகளும் கொடிய நஞ்சு உடையவை. ஆகவே, அறியாத உயிரைக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். செவுள், துடுப்பு, வயிற்றுப்புறம், வாய், செதில் என்று வரிசையாகப் பாருங்கள். உறுதிப்படும் வரை உண்ணாதீர்கள். அதே போல், உறுதிப்படும் வரை எவர் மீதும் பழி சொல்லாதீர்கள். விற்றவரிடமும் பிடித்தவரிடமும் முதலில் கேளுங்கள். அவர்கள் கண்ட கடலை நாம் காணவில்லை.

வேப்ப மரத்தடியில்

ஊர் திரும்பிய மறுநாள் காலை, கூட்டம் கூடும் வேளை பார்த்து வேப்ப மரத்தடிக்குச் சென்றேன். அவரைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் பழி பகிரங்கமாகப் போனதால் திருத்தமும் பகிரங்கமாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். "அது பாம்பன்று, மீன். நான் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். இந்த அம்மா மீது எந்தக் குற்றமும் இல்லை" என்று அங்கிருந்தோர் கேட்கச் சொல்லி, அரைக் கிலோ இறாலும் வாங்கினேன். மத்ரஸாவிலும் பிள்ளைகளிடம் அவ்வாறே சொல்லி, வீட்டில் போய்ச் சொல்லும்படி அனுப்பினேன்.

அன்றே எல்லாம் சீராகிவிட்டது என்று எழுத ஆசைதான். அது உண்மையாகாது. பழி பத்துத் தெருவுக்கு ஓடிற்று. திருத்தம் இரண்டு தெருவைத் தாண்ட ஒரு மாதம் ஆயிற்று. இன்றும் அவரிடம் வாங்காத வீடுகள் சில உண்டு. சொல்லைத் திரும்பப் பெறலாம். அது போன இடமெல்லாம் நாம் போய்ச் சேர முடிவதில்லை.

மீனின் வரலாற்றை நான் விளக்கியபோது அந்த அம்மா கூடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார். கடல் கடந்து போனது, பெர்லின், இருநூறு ஆண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அந்த வெள்ளைக்காரரா சேத்துல எறங்கிப் புடிச்சாரு? எங்க ஆளுங்க யாராச்சும்தான் புடிச்சிக் குடுத்திருப்பாங்க" என்றார்.

உண்மை. அனுப்பியவர் பெயரும், எழுதியவர் பெயரும், திருத்தியவர் பெயரும் நூல்களில் இருக்கின்றன. சேற்றில் வலை இழுத்து அந்த மீனை முதலில் கையில் எடுத்த தரங்கம்பாடி மீனவரின் பெயர் எந்நூலிலும் இல்லை.

அந்தப் புட்டி இப்போது எங்கள் மத்ரஸாவின் அலமாரியில் இருக்கிறது. அதன்மேல் ஒட்டிய தாளில் சிறுவன் தன் கையெழுத்தில் மீனின் பெயரை எழுதியிருக்கிறான். அதன் கீழே, அதை விற்ற அம்மாவின் பெயரையும் எழுதியிருக்கிறான். அதை எழுதும்படி நான் அவனிடம் சொல்லவில்லை.

அறியாததை "அறியேன்" என்று சொல்லும் துணிவையும், பார்த்த பின்னரே பேசும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.